அம்மா இருக்கும்போது எடுத்த மீசை

ஐம்பதுகளில், ஓசூரில் வக்கீல் தொழில் தொடங்கிய புதிதில், ஒரு கொலை வழக்கை உடைத்தேன். மார்தட்டிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

ஜூஜுவாடிப் பக்கம் ஒரு பண்ணைக்காரரை யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். பார்த்தவர் ஒரே ஆள், மைசூர் சீமை வண்டிக்காரர். 'பெரிய மீசைக்காரன்' என்று மட்டும்தான் அவர் சொன்னார். போலீசுக்கு அது போதாதா? பண்ணையில் கூலி வேலை பார்த்த ராயக்கோட்டை ஆளை, மீசைக்காகவே பிடித்து உள்ளே போட்டார்கள். கோழி அறுக்கவே கை நடுங்குகிறவன் அவன்.

அடுத்து அடையாள அணிவகுப்பு. சிறையில் பத்துப் பேரோடு இவனை நிறுத்துவார்கள். வண்டிக்காரர் அந்த மீசையைக் காட்டினால் தூக்குதான்.

"நாளைக்கு நாவிதர் வர்றாரு. மீசைய எடுத்துடு" என்றேன்.

"அம்மா உசுரோட இருக்கறப்பவா? மாட்டனுங்க வக்கீலய்யா."

எங்கள் பக்கம் பெற்றவர் செத்தால்தான் மீசையில் கத்தி படும். இவன் ஒரே மகன் வேறு.

"கழுத்தே போகப்போவுது, மசுரைப் புடிச்சுத் தொங்கறியே மடையா!" என்று கத்தினேன். அசையவில்லை. எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. மறுநாள் காலை முகத்தை வாடவைத்துக்கொண்டு போய், "உங்கம்மா போயிட்டாங்கப்பா" என்றேன்.

கம்பியில் முட்டி முட்டி அழுதான். நாவிதர் இன்னும் வரவில்லையே என்பதுதான் அப்போது என் கவலை.

வண்டிக்காரர் வரிசையை மூன்று முறை சுற்றிவந்து கையை விரித்துவிட்டார். வழக்கு படுத்துவிட்டது. வெளியே வந்தவனிடம் உண்மையைச் சொன்னேன். காலில் விழுவான் என்றுகூட நினைத்தேன், வெட்கங்கெட்டவன் நான். அவன் நேரே பஸ் ஏறிப் போய்விட்டான்.

இருபது நாள் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மீசை அரும்பியிருந்தது.

"என் மொகத்தைப் பாத்ததுமே அம்மா மொறத்தைப் போட்டுட்டாங்க. 'எனக்கு எடுத்துட்டியா சாமி'ன்னாங்க. செத்தவளுக்கு எதுக்குச் சோறுன்னு ஒரு வாய் தொடல. நேத்து நெசமாவே போயிட்டாங்க."

"மீசைய எடுக்கலையா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எங்கம்மாவுக்கு நான் எடுத்தாச்சுங்க. ஒருத்தருக்கு ரெண்டு தடவ எடுக்கறதில்ல. இந்தத் தடவ கொன்னது நீங்க. நீங்க எடுங்க."

உள்ளே எனக்குக் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா உயிரோட இருக்காங்கப்பா" என்றேன்.