நைட்ரேட் போடாத நீர்

மாவுச்சத்து இருந்தால் அயோடின் பட்டதும் இலை நீலக்கறுப்பாகும். அன்று ஆபாவின் இரண்டு கண்ணாடித் தட்டுகளிலும் இலைகள் ஒன்றுபோலக் கறுத்தன. ஹார்மோன் கலந்த தட்டு மட்டும்தான் கறுத்திருக்க வேண்டும்.

"இன்னா இது, ரெண்டுமே கறுத்துப் போச்சு?" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம். வேலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் ஆபாவும் நானும் ஆய்வு மாணவிகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்; அவர் வீட்டில் அக்காவை அழைப்பதுபோல நானும் ஆபா என்றே அழைத்தேன். ஆம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் எட்டாத ஒரு குட்டையைத் தேடிப் பிடித்து, நீரில் மிதக்கும் உளுந்தளவுச் செடிகளைப் பாட்டிலில் கொண்டுவந்து வளர்த்தார். வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு ஹார்மோன், அச்செடிகளில் மாவுச்சத்தைச் சேர வைக்கிறது என்று காட்டுவதுதான் அவர் ஆய்வு. பல மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அந்தத் தூளில் ஒரு சிட்டிகைதான் மிச்சம்.

நான்கு நாட்கள் அவர் காரணம் தேடினார். தட்டுகளை மறுபடி கழுவினார், விளக்குகளை மாற்றினார், ஹார்மோனே கெட்டுவிட்டதோ என்று பயந்தார். எனக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. செடிகளுக்கான சத்துநீரைக் கலந்தவள் நான். அலமாரியில், அதில் சேர்க்க வேண்டிய நைட்ரேட் உப்பின் புட்டி முத்திரை உடையாமல் இருந்தது.

ஐந்தாம் நாள் சொன்னேன். ஆபா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மறந்தது பெருசில்ல. நான் பேஜார்பட்டதைப் பாத்துக்கினே இருந்தியே, அதான்."

பிறகு அதே தவறை வேண்டுமென்றே செய்தார். நைட்ரேட் சேர்த்தும் சேர்க்காமலும், ஹார்மோன் இட்டும் இடாமலும் நான்கு தட்டுகள். அந்தச் சிட்டிகை அதற்குச் சரியாக இருந்தது. நைட்ரேட்டும் கிடைத்து ஹார்மோனும் இல்லாத தட்டு மட்டுமே வெளிறியிருந்தது. அதில் செடிகள் பெருகித் தட்டையே மூடியிருந்தன. மற்றவை வளராமல் நின்று மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருந்தன. நைட்ரேட் இல்லாத பட்டினியும் ஹார்மோன் செய்ததையே செய்கிறது என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் கூடியது. நன்றிப் பக்கத்தில் என் பெயரையும் எழுதினார்.

ஆனால் நான் சொன்ன அந்த நாளுக்குப் பின் அங்கிருந்த இரண்டு வருடமும் சத்துநீரை அவரே கலந்தார். "நான் கலக்கட்டுமா ஆபா?" என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. இன்று நானும் ஓர் ஆய்வகத்தை நடத்துகிறேன். தவறு செய்ததாக யாராவது வந்து சொன்னால், அது எப்போது தெரிந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன்.