பேசாதேங்கோ என்றவர்

சென்ற வியாழக்கிழமை காலை கிள்ளான் ரயிலில் வந்த கார்டு ஒருவர், ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து, கனகசபை கிராணி தவறிவிட்டதாகச் சொன்னார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் கிள்ளானில் மகள் வீட்டில் இருந்தவர். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் கண் கலங்கியிருப்பீர்கள். நான் கலங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பத்து வருஷமாக அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை. ஆள் போனால் அதுவும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி அலமேலுவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது, களைப்பு இறங்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் அரை நாள் படுக்க வேண்டும். தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருப்பாள். இப்படி ஒன்றரை வருஷம். நானோ டிரெசர், புண் கட்டி, மருந்து கலந்து, ஊரார் நோயைப் பார்க்கிறவன். கொயினாவும் இரும்பு மருந்தும் மாறி மாறிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் சோதித்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லையென்றால் சோம்பல்தானே என்று நானே முடிவு கட்டினேன். அதை அவள் காதுபடப் பலமுறை சொல்லவும் செய்தேன்.

அப்போது அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தவர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் காட்டோர ஸ்டேஷன் ஒன்றில் காய்ச்சலில் விழுந்து, அதே களைப்பை அவரும் வருஷக்கணக்காக அனுபவித்தவராம். தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து உட்காருவது அவருக்கு உதவியது என்று, அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் கனகசபையே ஆஸ்பத்திரி வரிசையில் நின்று என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்கட மருந்தை நிப்பாட்டச் சொல்லேல்லை. அதோட இதுவும் இருக்கட்டும்."

அனுமதி கேட்டுத்தான் வந்தார். பெரிய மனுஷன் போல நானும் தலையாட்டினேன்.

மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டு முன்கூடத்தில் அவரும் மனைவியும் உட்காருவார்கள், அலமேலுவும் போய் உட்காருவாள். மூன்று மாதத்தில் நடுவில் படுக்காமல் சமைத்து முடித்தாள். ஆறாவது மாதம் கோவிலுக்கு நடந்தே போனாள். அடியோடு குணமானாள் என்று சொல்ல மாட்டேன். இன்றும் சில நாள் படுக்கத்தான் செய்கிறாள். ஆனால் ஊர் அதற்குள் கிராணி ஐயாவுக்குக் கைராசி என்றது. கைராசி எங்கள் தொழிலுக்குரிய பேச்சு. அதையும் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவரோ பார்த்தவரிடமெல்லாம், டிரெசர் கொடுத்த மருந்துதான் பாதி வேலை செய்தது என்று சொல்லி வந்தார். அது இன்னும் எரிந்தது.

ஒருநாள் எனக்கும் பிடி கிடைத்தது. என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர், பெரிய டாக்டர் தன்னைப் பேசிவிட்டார் என்று வருத்தப்பட்டார். பேசினால் நல்லதுதானே என்றேன். அவர்கள் வழக்கில் பேசுவது என்றால் திட்டுவது என்று விளக்கினார். வீட்டுக்கு வந்ததும், முதல் நாள் கிராணி என்ன சொல்லிக்கொடுத்தார் என்று அலமேலுவைக் கேட்டேன். "உள்ளுக்குள்ள பேசாதேங்கோ, பிள்ளை" என்றாராம். இவள் மனசுக்குள் ஓடுகிற பேச்சையெல்லாம் நிறுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அதைத்தான் இத்தனை மாதமாகச் செய்து வந்திருக்கிறாள்.

விடுவேனா? நாலு பேர் இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போய், அவர் சொன்னது ஒன்று, இவள் செய்தது வேறு என்று போட்டு உடைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் உங்களையே ஏசாதேங்கோ எண்ட கருத்திலையல்லோ சொன்னனான். ஆனா பிள்ளை விளங்கிக்கொண்டதுதான் திறம். இனி ரெண்டையும் சொல்லுறன்."

சொன்னபடி, பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அலமேலு பெயரைச் சொல்லியே அதைக் கற்றுக்கொடுத்தார். தோற்றுப்போய் வீடு திரும்பினேன். அந்த எரிச்சலில், அப்படி என்னதான் நீ உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"சோம்பேறின்னுதான். நீங்க வேலைக்குப் போனப்புறம் உங்களுக்குப் பதிலா நானே சொல்லிக்குவேன்" என்றாள், சாதாரணமாக.

ஒன்றரை வருஷம் மருந்தை ஒரு கையாலும் அந்த வார்த்தையை மறு கையாலும் கொடுத்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அந்த வார்த்தையைச் சொல்வதை மட்டும் நிறுத்தினேன். நிறுத்தியதைக்கூடக் கனகசபையிடம் சொல்லவில்லை. கிள்ளானுக்கு எத்தனையோ முறை போயும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அலமேலுவிடம் செய்தியைச் சொன்னேன். அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, பாயை விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஓர் அமைதி. வாசற்படியில் நின்று அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எழுந்ததும், நான் செத்தாலும் இப்படித்தான் உட்காருவாயா என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்விதான்.

பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு இப்படி உட்கார வராதுங்க" என்றாள்.

கனகசபை ஐயா உங்களுக்கெல்லாம் எவ்வளவோ விட்டுப் போயிருப்பார். என்னிடம் இருப்பது இந்தப் பதிலும் என் பொறாமையும்தான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். அவர் எவ்வளவு நல்லவர் என்று யாராவது என்னிடம் கேட்டால், காட்டுவதற்கு அந்தப் பொறாமையாவது வேண்டும்.