பதினொரு கார்டும் ஒரு கௌஹாத்தி டிக்கெட்டும்

1. பில் வந்த காலை

காலையில் மாரிக்குப்பத்தில் இருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில், மூன்றாவது பெட்டியில், ஜன்னல் ஓரமாக எனக்கென்று ஒரு சீட் இருந்தது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினேழு வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து அது என்னுடையதாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை நான் ஏறியபோது அந்த சீட்டில் தனபால் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் போன். அவரைச் சுற்றிப் பத்துப் பேர், அவர்கள் கையிலும் போன்.

"இன்னாம்மா பரிமளா இது?" என்று திரையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "நாலாயிரத்து நூத்தி முப்பது ரூபா. வருஷ பீஸாம். நான் எந்த ஸ்கூல்ல சேந்தேன், பீஸ் கட்றதுக்கு?"

பெட்டியே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் ஒரு தனியார் பேங்கின் கிரெடிட் கார்டு பிரிவில் சேல்ஸ் ஆபீசர். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். அந்தப் பதினொரு பேருக்கும் கார்டு விற்றவள் நானேதான். எல்லாம் ட்ராவல் ரிவார்ட்ஸ் கார்டு; தேய்க்கத் தேய்க்கப் பாயிண்ட் சேரும், அந்தப் பாயிண்டில் விமான டிக்கெட் எடுக்கலாம். முதல் வருஷம் பீஸ் இல்லை, இரண்டாம் வருஷத்தில் இருந்து உண்டு. இதைச் சொல்லித்தான் விற்றேன். சொன்ன விதம் எப்படி என்று கேட்டால், மாலூர் ஸ்டேஷனில் ரயில் ஹாரன் அடிக்கும்போது சொன்னேன். அவ்வளவுதான் என் நேர்மை.

2. நான் எங்கே சறுக்கினேன்

கார்டு விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் தப்பு செய்வார்கள். நான் செய்த தப்பை எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்ய முடியும்.

"அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்களைப் பிடியுங்கள்" என்று மீட்டிங்கில் சொன்னார்கள். மற்ற ஆபீசர்கள் எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனி வாசலில் போய் நின்றார்கள். எனக்கோ, அட, எங்கள் பெட்டியை விட்டால் பிரயாணத்துக்கு வேறு யார் என்று தோன்றியது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் கோலார் கோல்டு ஃபீல்ட்ஸில் பாதி வீடு இப்படித்தான் பிழைக்கிறது. ஒரு வருஷத்தில் நாங்கள் போய் வரும் தூரத்துக்கு பூமியையே ஒரு சுற்று சுற்றிவிடலாம்.

அத்தனை தூரத்தையும் சீசன் டிக்கெட்டில் போகிறோம் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. கார்டுக்கு கிலோமீட்டர் தெரியாது. விமான டிக்கெட், ஹோட்டல் பில், இதெல்லாம்தான் தெரியும். சீசன் டிக்கெட்டுக்கு விழுந்த பாயிண்டில் ஒரு டீ கூட வராது. ஏர்போர்ட் லவுஞ்சில் இலவசமாகச் சாப்பிடலாம் என்று வேறு வாய் கிழியப் பேசியிருந்தேன். அந்தப் பதினொரு பேரில் ஏர்போர்ட் வரைக்கும் போனவர் ஒரே ஒருவர். அவர் கேப் ஓட்டுகிறார்.

"ஒரு வாரம் டைம் குடுங்கண்ணா" என்று தனபால் அண்ணனைக் கேட்டேன். பில் வந்து முப்பது நாளுக்குள் கேன்சல் செய்தால் பீஸைத் திருப்பிவிடுவது எங்கள் பேங்கின் வழக்கம். "ஒவ்வொருத்தருக்கும் கணக்குப் போட்டுச் சொல்றேன். வச்சுக்கலாமா, வேணாமான்னு."

"நீயே வித்துட்டு நீயே கணக்கும் போடுவியா?" என்றார். ஆனாலும் எழுந்து சீட்டை விட்டார்.

3. பதினொரு கணக்கு

நான் வைத்த முறை ரொம்பச் சாதாரணம். ஒரு பக்கம் பீஸ். மறுபக்கம், இந்தக் கார்டால் போன வருஷம் நிஜமாகவே மிச்சமானது. அடுத்த வருஷம் கோவா போகப்போகிறேன் என்கிற கதையெல்லாம் கணக்கில் சேராது. கோவா போகிறவர்கள் போன வருஷமே போயிருப்பார்கள்.

தனபால் அண்ணனிடம் இருந்து ஆரம்பித்தேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர். அவர் அப்பா சுரங்கத்தில் யூனியன் ஆள். மகனுக்கு வேலை மாறியது, வாய் மாறவில்லை.

"போன வருஷம் வெளியூர் எங்கண்ணா போனீங்க?"

"திருப்பதி."

"எதுல?"

"மச்சான் டெம்போல."

"தங்கினது?"

"டெம்போலயேதான்."

கேன்சல் என்று எழுதினேன். லேப் டெக்னீஷியன் மஞ்சுளா ஒரே ஒரு தடவை ஹோட்டலில் தங்கியிருந்தாள், அதுவும் கல்யாண வீட்டார் செலவில். கேன்சல். கேப் ஓட்டும் குமார் ஏர்போர்ட்டுக்கு நூறு தடவை போயிருந்தான், உள்ளே போகவில்லை. கேன்சல். மூன்று நாளில் பத்துப் பேருக்கும் ஒரே பதில். விற்றவள் கையாலேயே பத்து கேன்சல் எழுதுவது எப்படி இருக்கும் தெரியுமா? முதல் மூன்று வலித்தது. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆபீசிலும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். என் மேனேஜர் போன் செய்தார். "மேடம், பத்தும் உங்க பேர்ல விழும். இந்த குவார்ட்டர் இன்சென்டிவ் போயிடும். கொஞ்சம் பேசிப் பாருங்களேன்?"

"பேசினதாலதான் சார் இவ்ளோ தூரம் வந்திருக்கு" என்றேன்.

பதினோராவது ஆள் கிருஷ்ணவேணி அக்கா. கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் லாண்டரியில் வேலை. பெட்டியில் எல்லோரைவிடவும் குறைந்த சம்பளம் அவளுக்குத்தான். அவளுடையதைக் கணக்கே பார்க்காமல் கேன்சல் எழுதியிருப்பேன். எதற்கும் பார்ப்போமே என்று ஆப்பைத் திறக்கச் சொன்னேன்.

பாயிண்டைப் பார்த்ததும் மறுபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பதினோராயிரம் ரூபாய்க்கு விமான டிக்கெட் எடுக்கிற அளவுக்கு பாயிண்ட்!

"இன்னாக்கா பண்ணே நீ?"

"தெருவுல யாரு இன்னா வாங்குனாலும் துட்டைக் கையில வாங்கிக்கினு என் கார்டைத் தேச்சேன். கேஸ், ரீசார்ஜ், எதிர்வூட்டு ஃப்ரிட்ஜு, தம்பி வண்டி இன்சூரன்ஸு. துட்டு வந்த அன்னிக்கே கட்டிட்டேன். நீதானே சொன்னே, பாயிண்ட்ல பிளேன்ல போலாம்னு?"

பெட்டியில் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள்.

அவள் மகள் ரேவதி கௌஹாத்தியில் இருந்தாள். மருமகன் பட்டாளத்தில், அவரை எல்லைப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். ரேவதிக்கு முதல் பிரசவம். சிசேரியன்தான் என்று டாக்டர் தேதியும் குறித்துவிட்டார். துணைக்கு யாரும் இல்லை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்தது நாலே நாள் லீவு. ரயிலில் போக இரண்டரை நாள், வர இரண்டரை நாள். விமானம் இல்லையென்றால் மகள் தனியாகத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

போக வர பதினாறாயிரத்துச் சில்லறை. பாயிண்ட் பதினோராயிரத்துக்குத்தான் வரும். ஆனால் எங்கள் கார்டில் ஒரு விஷயம் உண்டு. வருஷ பீஸைக் கட்டினால் ஆறாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு ஆகிற பாயிண்ட் தருவார்கள். விமானம் ஏறாதவனுக்கு அது வெறும் நம்பர். இவளுக்கு அது திரும்பி வரும் டிக்கெட். நாலாயிரத்து நூற்று முப்பது கட்டினால் காரியம் முடிந்தது.

"அக்கா, நீ மட்டும் கேன்சல் பண்ணாதே. பீஸைக் கட்டு" என்றேன். சந்தோஷத்தில் என் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது.

4. கருங்காலி

அதற்குள் தனபால் அண்ணன் தேதி குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை, மாலூர் தாண்டி சிக்னல் நன்றாக வரும் இடத்தில், பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு கேன்சல் செய்ய வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் பேசி மயக்கிவிடுவார்களாம். மொத்தமாக அடித்தால்தான் பேங்க் பயப்படுமாம். எங்கள் ஊர் ரத்தம் அப்படி. பல் வலிக்குக்கூட நாலு பேராகத்தான் போவோம்.

வியாழக்கிழமை கிருஷ்ணவேணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"நானும் கட் பண்ணிட்றேன் பரிமளா."

"உனக்கு இன்னா பைத்தியமா? பாயிண்ட் அத்தனையும் போயிடும். ரேவதி?"

"எல்லாரும் கட் பண்றப்போ நான் மட்டும் பீஸ் கட்டுனா, கருங்காலின்னு சொல்ல மாட்டாங்களா? எங்கப்பா நாப்பது நாள் ஸ்ட்ரைக்ல கஞ்சி குடிச்சிக்கினு உக்காந்தவரு. ஒரு நாள் கூட கேஜ்ல ஏறி சுரங்கத்துல எறங்கல. நான் அந்தப் பேரு வாங்கணுமா?"

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னும் பயம். எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் நான் எழுந்து நின்றேன். சேல்ஸில் இருபது வருஷம் பேசியிருக்கிறேன், கார்டை விடச் சொல்லி எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.

"அண்ணா, பத்துப் பேரு கேன்சல் பண்ணுங்க. நானே சொல்றேன், தப்பு என்னுது. ஆனா அக்கா கார்டை விட்டா மக பிரசவத்துக்குப் போக முடியாது. உங்களுக்குப் பயந்துக்கினு அந்த டிக்கெட்டை விடப் பாக்குது."

தனபால் அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"இன்னா கிருஷ்ணவேணி, நெஜமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அய்ய! லூசா நீ?" என்று கத்தினார். "ஸ்ட்ரைக் நேரத்துல கூட பம்ப் ஆளுங்க கீழ எறங்குவாங்கன்னு உங்கப்பன் சொல்லலியா? தண்ணி ஏறிட்டா சுரங்கமே போயிடும்னு யூனியனே அனுப்பும். அவங்களை எவனாவது கருங்காலின்னு சொன்னானா? நீ பம்ப் ஆளுடி! யூனியன் அனுப்புது, போ! கை தூக்குங்கய்யா எல்லாரும்!"

பத்துக் கை மேலே போனது. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் மேல் பெர்த்தில் படுத்திருந்த ஒரு கன்னடக்காரரும் கை தூக்கினார். விசில், கைதட்டல். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், நானும்தான்.

மாலூர் தாண்டியதும் பத்துப் போனும் ஒன்றாகப் பேசின. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய வைத்தேன். பத்துப் பேரும் கடை, ரீசார்ஜ் என்று தேய்த்ததில் தங்களிடம் சேர்ந்திருந்த பாயிண்டை, மதிப்பு குறைந்தாலும் பரவாயில்லை என்று, கடைக் கூப்பனாக மாற்றினார்கள். அதை ஒன்றாகச் சேர்த்து ஒரு ட்ராலி பேக்கும், குழந்தைக்குக் கம்பளிச் சட்டையும் வந்தது. சட்டை வாங்கியது மஞ்சுளா. பேக்கை ஏர்போர்ட் வரை இழுத்துக்கொண்டு போனது குமார். அன்றைக்கு முதல் தடவையாக அவன் கண்ணாடிக் கதவு வரைக்கும் போய்ப் பார்த்தான்.

பெண் குழந்தை. மூன்று கிலோ. போட்டோ வந்த காலையில் எங்கள் பெட்டிக்கே மைசூர்பாகு கொடுத்தார் தனபால் அண்ணன், தன் பேத்தி மாதிரி.

5. அடுத்த வருஷம்

நாலு நாள் கழித்து அக்கா வந்தாள். "மயக்கம் தெளிஞ்சி கண்ணத் தொறந்தா பாரு, எம் மூஞ்சைப் பாத்துட்டு ‘ம்மா, எப்படிம்மா வந்தே’ன்னா. அது போதும்" என்றாள். பீஸைப் பற்றி நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கார்டு விற்கும்போது சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். எங்கே போகப்போகிறீர்கள், யாரைப் பார்க்க என்று கேட்பேன். பெயர் சொன்னால் கணக்கைத் திறப்பேன். இழுத்தால், வேண்டாம் சார், பீஸ் இல்லாத கார்டு ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள் என்பேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நான் விற்ற கார்டு பிறகு அதிகம் கேன்சல் ஆகவில்லை.

மறு வருஷம் அக்காவுக்கு பில் வரும் மாதம் எனக்கு நினைவிருந்தது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் பண்ணி, உட்கார வைத்தேன். மருமகனுக்கு பெங்களூருக்கே மாற்றல் ஆகியிருந்தது.

"அக்கா, கார்டு பீஸ் வந்திருக்குமே. கணக்குப் பாக்கலாமா?"

"நேத்தே கட் பண்ணிட்டேன்" என்றாள். "பேங்க்ல ஒரு பொண்ணு விடாம பேசிச்சு. உலகம் சுத்தலாம் மேடம்னு. எல்லாரும் இங்கயே கீறாங்க, நான் யாரைப் பாக்கப் போறேன்னு கேட்டேன். ஒடனே கேன்சல் பண்ணிக் குடுத்துட்டு வச்சிட்டுது."

இந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது. அவளுக்கு ஒரே ஒரு பிரயாணம். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, பேத்தியின் புதுப் போட்டோவைக் காட்டச் சொன்னேன்.