கட்டிலில் மாட்டிய பை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகளுக்குப் பத்து வயது.

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்போம். மாதக் கடைசியில் எல்லார் வீட்டு அரிசியையும் சேர்த்து விற்று, அதில் பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு, ஆராதனை முடிந்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். நோயாளிகளை விசாரிப்போம், கொடுப்போம், சம்மதித்தால் ஜெபம் செய்வோம். கிளம்பும்போது வேத வசனம் அச்சடித்த ஒரு கைப்பிரதி. கொடுத்துப் பழகட்டும் என்று அன்றுதான் முதல்முறையாக மகளையும் கூட்டிப் போனேன்.

மற்றவர்கள் பெண்கள் வார்டுக்குப் போக, குழந்தைகள் வார்டு எங்கள் இருவர் பொறுப்பு. கடைசிக் கட்டிலில் ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. மாடிப்படியில் விழுந்து முழங்கை உடைந்திருந்தது. கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. பசிக்குது, பசிக்குது என்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையைப் பார்த்து என் மகளும் அழுதுவிடுவாள் போலிருந்தது.

இரண்டு கையும் வேண்டும் என்பதற்காக, கைப்பிரதிகள் இருந்த துணிப்பையைக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் மாட்டினேன். மகள் பன்னைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். நான் தூக்குவாளியிலிருந்து ஒரு டம்ளர் பால் ஊற்றிக் கொடுத்தேன். முழு பன்னும் தீர்ந்தது, பாலும் தீர்ந்தது. மகள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கண்ணை மூடி ஜெபித்தேன்.

கண்ணைத் திறந்தபோது அந்தப் பிள்ளையின் தாய் எதிரே நின்றாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள், கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவள் என்று பிறகு தெரிந்தது. தன் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். பால் டம்ளரைப் பார்க்கவில்லை. அதற்குள் நான் அதைத் தூக்குவாளிக்குள் போட்டிருந்தேன். கம்பியிலிருந்து என் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

பை இருந்த இடத்தில் ஒரு அட்டை தொங்கியது. சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது: 'ஆபரேஷன். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.'

அதை நான் வாசித்து முடிப்பதற்கும், நர்ஸ் தள்ளுவண்டியோடு வருவதற்கும் சரியாக இருந்தது. பிள்ளையின் தாடையில் ஒட்டியிருந்த பன் துணுக்கு நர்ஸ் கண்ணில் பட்டுவிட்டது. யார் கொடுத்தது என்று கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. எங்கள் சங்கத்தை இனி உள்ளே விடமாட்டார்களே, சபைப் போதகர் ஐயரிடம் என்ன சொல்வது, மகள் முன்னால் ஏச்சு வாங்க வேண்டுமே என்று ஏதேதோ ஓடியது. அதற்குள் அந்தப் பெண் பேசினாள்.

"நாந்தான் சிஸ்டர். பசிக்குன்னு அழுதா, மனசு கேக்கல. ஒரு துண்டு ரொட்டிதான்."

நர்ஸ் அவளை அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஏசினார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் போனால் பிள்ளை பிழைக்குமா என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் காது கேட்காதா, பெற்றவள்தானா நீ என்றும் கேட்டார். அவள் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வந்தார். பிள்ளையின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அவை வீங்கி நிறம் மாறியிருந்தன. ரத்த ஓட்டம் குறைகிறது, ரொம்ப நேரம் தள்ளிப்போட முடியாது என்று நர்ஸிடம் சொன்னார். ஒரு துண்டுதான் என்றால் ஒரு மணி நேரம் பொறுத்து ஆபரேஷனுக்கு எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஒரு துண்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்குத் தெரியாது. சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், கை போய்விடலாம். சொல்லாவிட்டால் உயிரே போகலாம். வராந்தாவில் வந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மகள்தான் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மா, அவ பாலும் குடிச்சால்லா? நீ சொல்லவே இல்லையே."

ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். தள்ளுவண்டி வாசலிலேயே நின்றது. அதே நர்ஸ். முழு பன், ஒரு டம்ளர் பால், கொடுத்தது நான், அந்தம்மா இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஏச்சுக்குத் தயாராக நின்றேன். நர்ஸோ என் கையிலிருந்த வேதாகமத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரி, நீங்க நல்ல மனசோடதான செஞ்சிய. இனிமே கேட்டுட்டுக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். பெற்றவளுக்கு அத்தனை ஏச்சு, எனக்கு நல்ல மனசு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆபரேஷன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. மற்றவர்களை அனுப்பிவிட்டு நானும் மகளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அரைமணிக்கொரு தரம் டாக்டர் வந்து அந்த விரல்களை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து, உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தாள். நான் ஜெபிக்க முயன்றேன், வார்த்தை வரவில்லை.

ஆறு மணிக்குப் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியபிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்க என்றேன். எதற்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள் என்றும் கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"என்னைய நாலு ஏச்சு ஏசுவாவ, அதோட போயிரும். ஒங்களன்னா அடுத்த மாசம் உள்ள விடமாட்டாவ. மத்த பிள்ளையளுக்கு இங்கன யாரு கொண்டாந்து தருவா?"

இன்னொன்றும் சொன்னாள். "பால் குடுத்தத மட்டும் எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்க்கா."

பிள்ளை பிழைத்தாள். கையும் பிழைத்தது. ஆனால் சுண்டுவிரல் முழுதாக நிமிரவில்லை என்று அடுத்த மாதம் போனபோது தெரிந்தது. அது அடிபட்டதால் வந்ததாக இருக்கலாம், தாமதத்தால் வந்ததாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பீடி சுற்றும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்த விரல் எவ்வளவு முக்கியம் என்று அந்தத் தாயிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆபரேஷன் நடந்த அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மகள் இரண்டு கேள்வி கேட்டாள். அவங்க எதுக்கும்மா பொய் சொன்னாங்க? நீ எதுக்கும்மா சும்மா இருந்தே? களைப்பாக இருக்கிறது என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். லீவுக்கு வரும்போது என்னோடு ஆஸ்பத்திரிக்கும் வருகிறாள். ஒவ்வொரு கட்டிலிலும் முதலில் அவள்தான் கேட்கிறாள்: "கொடுக்கலாமா?" அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கட்டில் கம்பியில் அட்டை தொங்குகிறதா என்று பார்க்கிறேன்.

இன்றும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத்தான் வைக்கிறேன். அன்பைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போன நான், அன்று அவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தேன், அந்தத் துப்பட்டிக்காரி எனக்கு எதைக் கற்றுக்கொடுத்தாள் என்று டப்பாவை மூடும்போது யோசிக்கிறேன், எனக்கு இன்னும் பிடிபடவில்லை.