நகம் பதியாத குண்டு

கலியாணசுந்தரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பாதி நாள் தறி, மீதி நாள் துப்பாக்கி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கும் ஏர் ரைபிள் சங்கத்துக்குக் குண்டு வாங்கித் தருவது அவர் பொறுப்பு. அந்த வேலையை யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. சுட்டு விழுந்த குண்டுகளைத் தட்டில் கொட்டிப் பார்த்துப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டார்.

பத்து மீட்டர் தள்ளி, இலக்குத் தாளுக்குப் பின்னால் இரும்புத் தகடு இருக்கிறது. ஈயக் குண்டு அதில் மோதினால் காசு மாதிரி நசுங்கிக் கீழே விழும். ஈயம் இல்லாத கெட்டி உலோகக் குண்டு நசுங்காது, திரும்பி வரும். கூர்முனைக் குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது. அதனால் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்: 'ஈயம் மட்டும். தட்டைத்தலை மட்டும். வெளிக் குண்டு கூடாது.'

ஈயமா என்று பார்க்கக் கட்டைவிரல் நகமே போதும். அழுத்தினால் தடம் விழும். குண்டு ஆறு டப்பாக்கள் கொண்ட கட்டாக வரும். அவர் வீட்டில் ஜரிகைக் கட்டு வந்தால் ஒரு சுருளை மட்டும் பிரித்து உரசிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் பிரித்தால் கொடுத்தவரைத் திருடன் என்று சொன்னதாக ஆகிவிடும். குண்டுக் கட்டிலும் அவர் அப்படியே ஒரு டப்பாவை மட்டும் பிரித்துப் பார்த்தார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முசரவாக்கத்து ஜெயப்ரியா சுட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் வேலை; மாவட்ட அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் சுட்ட குண்டு திரும்பி வந்து, பாதுகாப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் பட்டது. ரத்தம் கோடாக இறங்கியது.

"வெளியிலேர்ந்து குண்டு எடுத்தாந்தியா?" என்றார் கலியாணசுந்தரம்.

"இல்லண்ணே. நீங்க குடுத்த டப்பாதான்."

"நான் குடுத்தது ஈயம்மா. ஈயம் திரும்பி வராது. ஆன்லைன்ல சீப்பா வாங்கிக்கினு வந்து என் டப்பாங்கிற."

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த தினகரன் சிரித்தான். "கம்பெனி போல்ட்டப் போட்டு சுட்டுதோ இன்னாவோ."

சங்கச் செயலாளர் பரசுராமன் சிரிக்கவில்லை. "ரூல் மீறினா செலக்ஷன் லிஸ்ட்ல பேர் போவாதுமா" என்றார்.

ஜெயப்ரியா துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

எல்லோரும் போனபின் கலியாணசுந்தரம் தகட்டடியிலிருந்த தட்டைக் கொட்டினார். நசுங்கிய ஈயத்துக்கு நடுவே பதினோரு குண்டுகள் வடிவம் கெடாமல் கிடந்தன. அவள் மேசையில் விட்டுப்போன டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அழுத்தினார். நகம்தான் வளைந்தது. அதே கட்டைச் சேர்ந்த மீதி டப்பாக்களையும் திறந்தார். இன்னொன்றிலும் அதே கெட்டிக் குண்டு. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாள் தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. பெண்சாதி புவனேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தவள், "கை இங்க இருக்குது, ஆளு எங்க போனீங்க?" என்றாள்.

சொன்னார்.

"அந்தப் பொண்ண எத்தினி பேர் எதிர்ல கேட்டீங்க?"

"ரெண்டு பேர்."

"அப்ப அவங்க எதிர்ல சொல்லுங்க. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

ஜெயப்ரியாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார். அவள் வந்தாள். கன்னத்தில் சின்னதாகக் கறுப்புத் தழும்பு. பரசுராமனும் தினகரனும் நிற்க, இரண்டு டப்பாக்களையும் மேசைமேல் வைத்தார்.

"இது நான் குடுத்தது. பாக்காம குடுத்தேன். பொண்ணு பொய் சொல்லல, நான் சொன்னதுதான் பொய்யி."

தினகரன் தரையைப் பார்த்தான். பரசுராமன் பட்டியலை எடுத்து அவள் பெயரை எழுதினார்.

"அன்னிக்கே அந்த டப்பாவுல ஒரு குண்ட நகத்தால பாத்திருக்கலாமே அண்ணே," என்றாள் ஜெயப்ரியா. "பக்கத்துலதான இருந்துச்சு."

அவர் புது டப்பா ஒன்றைத் திறந்து கொடுத்தார். எல்லா டப்பாவையும் பார்த்தாயிற்று என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டார். அவள் நாற்பது குண்டுகளை மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்து, வரிசையாக வைத்தாள். இலக்குத் தாளை மாட்டிவிட்டு வந்து, அவள் நாற்பதையும் பார்த்து முடிக்கும்வரை கலியாணசுந்தரம் தலை குனிந்தபடி நின்றார்.