நாஸியாவின் ஆறு பனியூர்கள்

பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் நாஸியா தட்டச்சு செய்வதில்லை. "மெக்கே... டுபுவா... லார்சன்" என்று முனகுவாள். நாக்கில் சரியாக உட்காரும்வரை அந்தப் பெயரை விடமாட்டாள். கோரிப்பாளையத்தில் மாடி வீடு. ஜன்னலுக்குக் கீழே ஓயாத ஹாரன் சத்தம். உச்சி வெயிலில் தார் ரோடு பளபளக்கும்போது, அவள் கண்ணுக்கு அது உறைந்துபோன ஏரியாகத் தெரியும்.

மார்கழிப் பனிக்கே காதை மூடிக்கொள்கிறவள் அவள். ஆறு வருடங்களுக்கு முன், கனடாவின் பழைய செய்தித்தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. அதில்தான் அந்தப் பனி ஹாக்கி லீக் கண்ணில் பட்டது. வடக்கே ஆறு சின்ன ஊர்கள். பகலில் மர ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள், பதினோரு குளிர்காலம் சம்பளத்துக்கு ஆடினார்கள். 1958இல் லீக் கலைந்தது. நாஸியாவின் வேலையும் ஒருநாள் முடிந்தது. அவள்தான் நிறுத்தவில்லை. அந்த லீக்கின் வரலாற்றை எழுதி இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கிறாள்.

"அம்புட்டுப் பேரும் மவுத்தாயிட்டாங்க. யாருக்குத்தான் இம்புட்டும் எழுதுற?" என்பார் பைக் கடை வைத்திருக்கும் கணவர் அப்துல் அலீம்.

"அவுக ஸ்கோரு இன்னும் தப்பாவே கெடக்குதுங்க."

போன மார்கழியில் ஜோன் என்ற முதிய பெண்ணிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய தந்தை ஹார்வி லார்சன் கோல் காப்பாளர். கடைசி இறுதிப்போட்டியில் பாதியிலேயே வெளியேறினார், அணி தோற்றது. 'பயந்து ஓடினார்' என்று எழுதியது உள்ளூர்ப் பத்திரிகை. நாஸியாவின் பக்கத்திலும் அதே வரி. 'என் அப்பா கோழையா? நீங்களாவது சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார் ஜோன்.

அன்று நாஸியாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பேப்பர்காரன் எழுதுனத அப்படியே எழுதிட்டேங்க. ஒரு மனுசனப் பத்தி அம்புட்டு லேசா எழுதிட்டேன்."

மூன்று வாரம் தேடினாள். விளையாட்டுப் பக்கங்களை விட்டுவிட்டு, காணாமல்போன குதிரை, தேவாலய விருந்து, புதுத் தபால்காரர் என்று அந்த ஊரின் தெருத்தெருவாக நடந்தாள். குக்கர் விசில் அடித்ததுகூடக் காதில் விழவில்லை. அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. போட்டிக்கு இரண்டு நாள் கழித்து வந்த தாளில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் பட்டியலில் அவர் இருந்தார். 'ஹார்வி லார்சன். சனிக்கிழமை ஆட்டத்தின் தொடக்கத்தில் ரப்பர் வில்லை தாக்கி இடது கண்ணில் காயம். பார்வை குறித்து மருத்துவர் உறுதி சொல்லவில்லை.'

பந்துக்குப் பதில் கல் மாதிரியான வில்லையை அடித்து ஆடும் ஆட்டம்; கோல் காப்பாளர்கள் முகக்கவசம் போடாத காலம். அடிபட்ட பிறகும் ஒரு மணி நேரம் ஒற்றைக் கண்ணோடு கோலைக் காத்து நின்றிருக்கிறார்.

நாஸியா முதலில் தன் பக்கத்திலிருந்த வரியைத் திருத்தினாள். பிறகு அந்தத் தாளின் படத்தை ஜோனுக்கு அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. 'அந்த வசந்தத்திலேயே நாங்கள் ஊரை விட்டுப் போனோம். கண்ணைப் பற்றி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நடக்கும்போது என்னை எப்போதும் தன் வலப்பக்கமே வரச் சொல்வார். ஏனென்று நான் கேட்டதில்லை.'

"சாப்பிட வாரியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அலீம்.

"வாரேன்."

ஆனால் அவள் ஜன்னலருகே போய், இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கீழே பார்த்தாள். இடப்பக்கமிருந்து ஒரு பஸ், இல்லாத இடத்திலிருந்து முளைத்ததுபோல் சட்டென்று வந்தது. உடம்பு தூக்கிப்போட்டது. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.