முகத்துவாரம் திறந்த நாள்

கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டி, கடல் பக்கமாக, அடையாற்றின் தென்கரையில் சின்னப்பையனுக்குப் பதினொரு பாத்திகள் இருந்தன. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, ஓரத்தில் கொஞ்சம் பொன்னாங்கண்ணி. பட்டா கிடையாது. அவருடைய அப்பா காலத்தில் யாரோ ஒரு மேஸ்திரி கையைக் காட்டிவிட்டுப்போன நிலம். ஆற்றுத் தண்ணீரை அவர் கீரைக்கு விட்டதில்லை. கரையில் ஊற்றுக் கிணறு தோண்டி, பூவாளியால் இரண்டு வேளையும் தெளிப்பார். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் எவராவது "ஆத்துத் தண்ணில வெளஞ்சதா?" என்று கேட்டால் அவர் மனைவி ஜானகி சண்டைக்குப் போவாள். சின்னப்பையன் போகமாட்டார். "ஒரு கட்டு சும்மா குடு. ஆக்கித் துன்னு பாக்கட்டும்" என்பார்.

கீரை அறுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் ஆற்றில்தான். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் திரு.வி.க. பாலம் தாண்டி, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் வரைக்கும் நடப்பார். கூட மெஹபூப் அலி. பாலத்தடியில் குடிசை போட்டிருந்த, பழைய இரும்பு வாங்கி விற்கும் மனிதர். வலை வீசத் தெரியாது. கூடையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவார். "நான் பேசற சத்தத்துல பாதி மீன் ஓடிடுதுன்னு ஒங்கப்பன் சொல்றான். மீதி பாதி நம்ம பேச்சக் கேக்கத்தான் வருது, தெர்யுமா?" என்று மணிமொழியிடம் சொல்வார்.

மணிமொழி சின்னப்பையனுக்கும் ஜானகிக்கும் ஒரே மகள். அப்பாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் வருவது அவர் மூக்கைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடிப்பதுதான். மழை எத்தனை மணிக்கு வரும், கடலின் ஏற்றத் தண்ணீர் ஆற்றில் எதுவரை ஏறும், நண்டு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதெல்லாம் அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லாமலும் இருக்கமாட்டார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பெருவெள்ளம் வந்துபோன இரண்டாம் வருஷம், கார்த்திகையில், கரையில் இருப்பவர்களைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு. ஆள் இல்லாத குடிசைக்கு எதுவும் இல்லை. விஷயம் அவ்வளவுதான், எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் பாலத்தடியிலிருந்து குடிசைகளுக்கு எண் போட்டுக்கொண்டு போனார்கள். கீழ்க்கோடியில் இருந்த சின்னப்பையன் வீட்டுக்குக் கடைசி எண். அவர் வந்திருந்த அதிகாரியின் பின்னாலேயே போய்ச் சொன்னார்.

"சார், நாளைக்குக் கீழ்க்கோடிலேர்ந்து ஆரம்பிங்க. நேத்து பேஞ்ச மழைல முகத்துவாரம் ஒடச்சிக்கும். பத்து மணிக்கு ஏத்தத் தண்ணி வந்துச்சின்னா இந்தப் பாதைல முட்டியாழம் நிக்கும்."

அதிகாரி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தலையை ஆட்டினாரா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சின்னப்பையன் வலையை எடுத்தார். மணல்திட்டு உடைந்து கடலும் ஆறும் கலக்கும் முதல் நாளில்தான் மடவை மீன் கூட்டம் கூட்டமாக உள்ளே ஏறும். வருஷத்தில் அந்த ஒரு நாள். ஜானகி அதற்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

"நைனா, இன்னிக்கு ஃபோட்டோ புடிக்க வர்றாங்க" என்றாள் மணிமொழி. அவள் அப்போது அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"வரட்டும். பாலத்தாண்டேர்ந்து வந்தாங்கன்னா நம்மகிட்ட வர்றதுக்கு மதியானம் ஆய்டும். நீ பூட்டிக்கினு வேலைக்குப் போ. நான் பத்துக்குள்ள வந்துர்றேன்."

"நீதான் கீழ்க்கோடிலேர்ந்து வரச்சொன்னியே."

"நான் சொல்லி எவன் கேட்டான்? ஒங்கம்மாவே கேக்க மாட்டா." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அறுபது வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவர் சொன்னதைக் கேட்டார். ஏழு மணிக்கு, பாதை காய்ந்திருக்கும்போதே, அதிகாரிகள் கீழ்க்கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசி எண் வீட்டில் பூட்டுத் தொங்கியது. எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு, கூடை கொள்ளாத மடவையோடு இரண்டு பேரும் வந்தார்கள். பாலத்தடிக்கு அதிகாரிகள் இன்னும் போய்ச் சேரவில்லை. அவர்கள் வந்ததும் மெஹபூப் அலி நனைந்த லுங்கியோடு, தாடியில் ஒட்டிய மீன் செதிலோடு, மனைவி ஹாஜிரா பீயைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். சின்னப்பையன் அதிகாரிகளின் பின்னால் ஓடினார்.

"நான் இங்கதான் சார் கீறேன். நேத்து ஒங்கிட்டதான பேசினேன்?"

"பூட்டுன்னு ஏத்தியாச்சுய்யா. மனு குடு, பாக்கலாம்."

மனு கொடுத்தார். எட்டு மாதம் கழித்து கரையில் இயந்திரம் இறங்கியது. முளைக்கீரை அறுப்புக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாள் கேட்டுப் பார்த்தார். மதியத்துக்குள் பதினொரு பாத்தியும் ஒரே மேடாகிவிட்டது.

மெஹபூப் அலிக்கு வீடு கிடைத்தது, ஏழாவது மாடியில். ஆனால் ஹாஜிரா பீக்குச் சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி என்றானபோது, அவர் மகன் நதீம் இரண்டு பேரையும் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாவியை மெஹபூப் அலி சின்னப்பையனின் சட்டைப் பையில் போட்டார். "உன் மனு முடியற வரைக்கும் இரு. எவனாச்சும் வந்து கேட்டான்னா, பாய் வெளிய போயிருக்காருன்னு சொல்லு."

சின்னப்பையனுக்கு அந்த வீட்டில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. சுற்றிலும் அதேபோன்ற கட்டடங்கள். காற்று மோதித் திரும்பித் திரும்பி வந்தது. இரண்டு பெயிண்ட் டப்பாவில் மண் போட்டுக் கீரை விதைத்தார். தண்ணீர் கீழே ஒழுகுகிறது என்று ஆறாவது மாடிக்காரர்கள் சத்தம்போட, அதையும் எடுத்தார். வாரத்தில் ஒருநாள் பஸ் ஏறிக் கோட்டூர்புரம் போவார். கரையில் வேலி போட்டு மரக்கன்று வைத்திருந்தார்கள். "ஆழமா வெச்சிட்டான். வேர் அழுகிப்போவும். சொன்னேன், வாட்ச்மேன் வெரட்டறான்" என்று வந்து சொல்வார். ஃபோட்டோ எடுத்த அந்தக் காலைக்காக மணிமொழி அவரை மன்னித்திருக்கவில்லை. பூட்டைப் போட்டது தான்தான் என்பதற்காகத் தன்னையும் மன்னித்திருக்கவில்லை.

அந்த வீட்டுக்கு வந்த ஆறாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குரியவர்தான் குடியிருக்கிறாரா என்று சோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். சின்னப்பையன், ஜானகி, மணிமொழி மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

"மெஹபூப் அலி யாரு?"

மணிமொழி வாயைத் திறப்பதற்குள் சின்னப்பையன் எழுந்து நின்றார். காய்ச்சலில் கிடந்து ஒரு மாதத் தாடி.

"நான்தான்."

அவர்கள் கருவியில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். நனைந்த தலை, தாடி, பாதி மறைந்த முகம். "சம்சாரம்?"

"ஹாஜிரா பீ. உள்ள கீறா."

சமையலறை வாசலில் நின்றிருந்த ஜானகி முந்தானையால் நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டு அதே முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். சின்னப்பையன் அதைப் பார்த்தார். புதுப் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள்.

"பாய் இன்னா சொல்லிட்டுப் போனாரு? வெளிய போயிருக்காருன்னு சொல்லவேண்டிதான?" என்று கத்தினாள் மணிமொழி.

"ஆள் இல்லன்னு சொன்னா பூட்டுன்னு எழுதுவாங்க. எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். புருஷன் உயிரோடு இருக்கும்போதே பொட்டைத் துடைத்த கையை ஜானகி அன்று முழுக்கத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதத்தில் மனு விசாரணைக்கு வந்தது. தாடியை எடுத்துவிட்டு, சலவைச் சட்டையில் மகளோடு போனார். அங்கிருந்த பெண் அவர் முகத்தைக் கேமராவில் பிடித்தாள். பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரையில் தாடியோடு எடுத்த அவர் படமே வந்தது.

"உங்களுக்குத்தான் ஏழாவது மாடியில வீடு ஒதுக்கியாச்சே?"

மணிமொழி அப்பாவைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மெஹபூப் அலியின் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் மனு போய்விடும். சின்னப்பையன், "மனு வாணாம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், மழை வரப்போகிறது என்றுகூடச் சொல்லவில்லை. அன்று மழை வந்தது.

அதற்குப் பிறகு அவர் படியிறங்கவில்லை. ஐப்பசியில் ஒரு காலை, கஞ்சி குடிக்க எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. மெஹபூப் அலி ஏழு மாடியும் ஏறி வந்து, மூச்சுவாங்க அவர் காலடியில் உட்கார்ந்தார்.

"ரிக்கார்டுல நான்தாம்மா செத்துக் கெடக்கறேன்" என்றார் மணிமொழியிடம். "என் பேர எடுத்துக்கினு போய்ட்டான் படுபாவி." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அது அழுகையாகிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் நதீம் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அடுத்த சோதனைக்கு முன்னால் தன் அத்தாவும் அம்மாவும் இங்கே வந்து இருந்து, தாங்கள் யார் என்பதை நிரூபிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு மாசம் எடுத்துக்கங்கக்கா." அவன் கேட்டதில் தப்பில்லை. அது மணிமொழிக்கும் தெரிந்தது.

அவளும் ஜானகியும் ஈக்காட்டுத்தாங்கலில் வீடு தேடினார்கள். நான்காவதாகப் பார்த்தது மாடிப்படிக்கு அடியில் ஒரே அறை. ஜானகி உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள். வீட்டுக்காரம்மாவுக்கும் அவர்களைப் பிடித்திருந்தது.

"ரெண்டே பேர்தான? ஆம்பள இல்ல. நல்லதாப் போச்சு. எந்த ஊரு?"

"மெட்ராஸ்தாம்மா."

"மெட்ராஸ்ல எங்க?"

"கோட்டூர்புரம். ஆத்தோரம்."

அந்த அம்மாளின் முகம் மாறியது. "ஆத்தோரத்து ஆளுங்களுக்கு வுடறதில்லமா. மழை வந்தா மொத்த ஜனமும் வந்து ஒக்காந்துக்குது."

"இப்ப நாங்க அங்க இல்லம்மா."

"அப்ப எங்க கீறீங்க?"

ஏழாவது மாடி வீடும் ரிக்கார்டில் மெஹபூப் அலியுடையது. ஜானகி குழாயை மூடிவிட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.